நாள் குறிக்காத வெள்ளைச்சேலை



பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓர் ஓடையின் ஓரமாக ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். பார்வைக்கு மரம், தொட்டால் கல். இந்திய நிலப்பொதியியல் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது, அடித்து வரப்பட்டு மண்ணுக்குள் புதைந்த மரம் அது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்றொரு சிற்றூர் உண்டு. சாத்தனூர் மரத்துக்கும் முன்னால், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கும் மரங்கள் இப்படித்தான் கடலில் விழுந்து அடியில் புதைந்தன. சாத்தனூரில் மரத்துக்குள் மணற்சத்து ஏறிக் கல்லாக இறுகியது. விட்பியிலோ காற்றுப் புகாத சேற்றுக்குள் மரம் நசுங்கி, கருகருவென்று கறுத்து, தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும் பொருளாகிவிட்டது. அதற்கு ஜெட் என்று பெயர். விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்து, வீட்டில் சாவு விழுந்தால் இந்த ஜெட்டைத்தான் காதிலும் கழுத்திலும் மார்பிலும் அணிந்து துக்கம் காத்தது.

அந்தத் துக்க உடையின் கதையையும், நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வெள்ளைச்சேலையின் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இன்றைய பேச்சு.

1861 டிசம்பர் 14 அன்று விண்ட்ஸர் அரண்மனையில் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் காலமானார். அவருக்கு வயது 42. அன்றைக்குக் கறுப்பு உடுத்திய அரசி, 1901 ஜனவரி 22இல் தாம் கண்மூடும்வரை அதை மாற்றவே இல்லை. தலையில் மட்டும் வெள்ளை நிறத்தில் கைம்பெண் தொப்பி. ஆனால் தம்மைப் பெட்டியில் வைக்கும்போது வெள்ளை உடுத்தி, கல்யாணத்தன்று போட்ட முக்காட்டைப் போர்த்த வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

அரண்மனை எவ்வழி, குடிகள் அவ்வழி. இங்கிலாந்தில் துக்க உடை அதற்கு முன்பும் உண்டு. ஆனால் இந்த அரசியின் காலத்தில்தான் அதற்குச் சட்டப் புத்தகம்போல் ஒழுங்குமுறை வந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு சற்று மாறும். பொதுவாக, கணவனை இழந்த பெண் ஓராண்டும் ஒரு நாளும் உச்சி முதல் பாதம் வரை கிரேப் என்னும் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த 9 மாதம் அந்தத் துணியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்த 3 மாதம் கிரேப் இல்லாமல் வெறும் கறுப்புப் பட்டு. கடைசி 6 மாதம் சாம்பல் நிறம், இளம் ஊதா. ஆக மொத்தம் இரண்டரை ஆண்டு. அம்மா அப்பாவுக்கு ஓராண்டு, உடன்பிறந்தாருக்கு ஆறு மாதம் என்று உறவுக்கு உறவு அளவு இருந்தது. மனைவியை இழந்த ஆணுக்கு? தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டி, கறுப்புக் கையுறை, சில மாதங்கள். அவனுடைய வழக்கமான கோட்டே கறுப்புதான் என்பதால் பெரிய செலவும் இல்லை.

அந்தக் கிரேப் துணியைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டு நூலில் நெய்த மெல்லிய துணி அது. சூடான உருளைகளுக்கிடையே விட்டு அதில் சுருக்கம் ஏற்றி, பட்டின் பளபளப்பை அறவே எடுத்துவிடுவார்கள். துக்கத்தில் இருப்பவள் மேனியில் எதுவும் மின்னக் கூடாதாம். மழையில் நனைந்தால் சுருக்கம் விட்டுத் தொய்ந்துபோகும். வியர்த்தால் சாயம் கசிந்து கழுத்திலும் முகத்திலும் ஒட்டும். முகத்தை மூடிய திரை கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல் என்று மருத்துவர்களே எச்சரித்தார்கள். இப்படிப்பட்ட துணியை நெய்தே எஸ்ஸெக்ஸ் பகுதியின் கோர்ட்டால்ட் நிறுவனம் பெருஞ்செல்வம் சேர்த்தது. லண்டன் ரீஜன்ட் தெருவில் 1841இல் ஜேஸ் என்னும் துக்கச் சரக்குக் கடை திறக்கப்பட்டது. தந்தி அடித்தால் போதும், தையற்காரி துணிமூட்டையோடு ரயிலேறி வீட்டுக்கே வந்துவிடுவாள். ஓரங்களில் கறுப்புக் கரையிட்ட கடிதத் தாள், கறுப்புக் கைக்குட்டை, கறுப்புக் குடை, இறந்தவரின் தலைமுடியைப் பின்னி வைத்த பதக்கம் என்று எல்லாவற்றுக்கும் கடை இருந்தது. ஏழை வீட்டுப் பெண் என்ன செய்வாள்? இருக்கும் ஒரே உடுப்பைச் சாயத்தில் முக்கிக் கறுப்பாக்கி உடுத்திக்கொண்டாள்.

ஜெட் நகையும் அப்படித்தான் பரவியது. விட்பியின் செங்குத்தான கடற்பாறைகளைக் குடைந்து அதை எடுத்தார்கள். தொழில் உச்சத்தில் இருந்த 1870களில் அந்தச் சிற்றூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் ஜெட் பட்டறைகளில் வேலை பார்த்தார்கள். அசல் ஜெட் கையில் எடுத்தால் கனக்காது, குளிராது. மெருகிடாத பீங்கானில் உரசினால் பழுப்புக் கோடு விழும். வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியில் போலி வந்தது. அது தொட்டால் சில்லென்றிருக்கும், கனமும் கூட. ரப்பரைக் கெட்டியாக்கிச் செய்த இன்னொரு போலி, வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். துக்கத்திலும் அசல் எது, போலி எது என்று அண்டைவீட்டார் உற்றுப் பார்த்த காலம் அது.

நம் ஊருக்கு இந்தத் துக்கக் கோலம் வந்ததா என்றால், வந்த வழி வியப்பானது. 1862 முதல் 1901 வரை அச்சான இந்திய வெள்ளி ரூபாயில் விக்டோரியா கிரீடம் சூடிய இளம்பெண்ணாகவே இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் துக்கம் காத்த அரசியின் துக்கம் ரூபாய்க் காசில் ஏறவே இல்லை. ஆனால் 1893இலிருந்து இங்கிலாந்தில் அடித்த சவரன் தங்கக் காசில் முக்காடிட்ட முதிய கைம்பெண்ணாகத் தெரிகிறார். அந்தச் சவரன்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தன. இன்றும் நகைக்கடையில் எட்டு கிராமைச் சவரன் என்றும் பவுன் என்றும்தானே கேட்கிறோம். அந்தக் காசுகளில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியிலும் மாலையிலும் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். பழைய காசுமாலை வைத்திருக்கும் வீடுகளில் இப்போதும் அந்த முக்காட்டு முகத்தைப் பார்க்கலாம். கணவனை இழந்தவள் எதிரே வந்தாலே ஆகாது என்று ஒதுங்கிய அதே ஊரில், கணவனை இழந்த ஒரு பெண்ணின் முகம் சுமங்கலிகளின் மார்பில் மங்கல அணியாகத் தொங்கியது. யாருக்கும் அது அமங்கலமாகப் படவில்லை.

இனி இங்கே என்ன நடந்தது, நடக்கிறது என்று பார்ப்போம்.

கணவனை இழந்தவள் அணிகளைக் களைவது தமிழில் மிகப் பழைய வழக்கம். அணி களைந்த மகளிரைப் புறநானூறு பேசுகிறது. அல்லியரிசி உண்டு நோன்பிருந்த கைம்மையை ஒக்கூர் மாசாத்தனார் பாடியிருக்கிறார். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, அந்த வாழ்வைவிடத் தீயே மேல் என்று சொல்லித் தீப்பாய்ந்தார். வெள்ளைச்சேலை, மொட்டை, ஒருவேளைச் சோறு, நார்மடி என்பவை சாதிக்குச் சாதி மாறின. பிராமணக் குடும்பங்களில் தலைமழிப்பு கட்டாயமாக இருந்தது. காட்டுவேலை செய்து பிழைத்த பல சாதிகளில் அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. அங்கே கைம்பெண் மறுபடி தாலி கட்டிக்கொள்வது குற்றமாக இருக்கவில்லை. பின்னாளில் சொத்தும் மதிப்பும் கொஞ்சம் சேர்ந்த குடும்பங்கள், மேல்சாதியைப் பார்த்து அந்த நல்ல வழக்கத்தைக் கைவிட்டன. இதை ஓர் இழப்பாகவே சொல்ல வேண்டும்.

தாலி வாங்கும் சடங்கை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள், அல்லது பார்க்கக் கூடாது என்று உள்ளே அனுப்பப்பட்டிருப்பார்கள். ஊருக்கு ஊர் நாளும் முறையும் மாறும். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ கருமாதிக்கு முன்னால் அவளைக் குளிக்கவைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்து, நெற்றி நிறையப் பொட்டிட்டு, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கி உட்காரவைப்பார்கள். உறவுக்காரப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒப்பாரி எழும். விடியும் முன், ஏற்கெனவே தாலி இழந்த மூதாட்டிகள் சுற்றி நிற்பார்கள். சுமங்கலிகள் தள்ளிப் போய்விட வேண்டும். வளையலை நொறுக்கி, பூவைப் பறித்து, பொட்டை அழித்து, மெட்டியைக் கழற்றி, தாலியை எடுத்துப் பால் சொம்பில் போடுவார்கள். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவந்த கோடிச்சேலையைப் போர்த்துவார்கள். அத்தோடு அவள் வேறு ஆளாகிவிட்டாள்.

எத்தனை நாளைக்கு? இங்கேதான் விட்பியும் நம் ஊரும் பிரிகின்றன. இங்கிலாந்துக் கைம்பெண்ணின் கறுப்பு கொடுமையானது, செலவு மிக்கது, போலிப் பகட்டும் நிறைந்தது. ஆனால் அதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. இரண்டரை ஆண்டு கழித்து அவள் பச்சையோ சிவப்போ உடுத்திக்கொண்டு வெளியே போகலாம். விக்டோரியா நாற்பது ஆண்டு கறுப்பு உடுத்தியது அவருடைய விருப்பம். யாரும் அவரைப் பிடித்துவைக்கவில்லை. சொல்லப்போனால், அரசி இவ்வளவு காலம் ஒதுங்கியிருக்கலாமா என்றுதான் பத்திரிகைகள் முணுமுணுத்தன. நம் ஊர்க் கைம்பெண்ணின் வெள்ளைச்சேலைக்குக் கடைசி நாளை யாரும் குறிக்கவில்லை. இருபது வயதில் உடுத்தியவள் எண்பதிலும் அதே சேலை. பெற்ற மகளின் கல்யாணத்தில் தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்வார்கள். பெற்றவள் தூணுக்குப் பின்னால் நிற்பாள். மனைவியை இழந்த ஆண் பதினாறாம் நாள் மீசையை எடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி மாப்பிள்ளை ஆகலாம்.

இதே பெரம்பலூர் மாவட்டத்தில் லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனால் இன்னொரு கணக்கு கிடைக்கும். முஸ்லிம் பெண் கணவனை இழந்தால் இத்தா இருக்கிறாள். அலங்காரம் இல்லை, நறுமணம் இல்லை, தேவையில்லாமல் வெளியே போவதில்லை. ஆனால் அது 4 மாதம் 10 நாள். மறைநூலே நாள் குறித்துவிட்டது. வயிற்றில் குழந்தை இருந்தால் பிரசவம்வரை. பிறகு அவள் உடுத்துவது, மறுமணம் செய்துகொள்வது அவள் பாடு. பக்கத்துப் பக்கத்து ஊரில், ஒரே சந்தையில் வெங்காயம் விற்கும் பெண்களில், ஒருத்திக்குத் துக்கத்தின் முடிவு தெரியும், இன்னொருத்திக்குத் தெரியாது.

நம் மரபிலேயே வேறு வழி இருந்ததில்லையா? அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடிக்குப் பக்கத்தில் கண்டராதித்தம் என்ற ஊர் இருக்கிறது. தில்லைக் கூத்தனைப் பாடிய, திருவிசைப்பா தந்த சோழ மன்னர் கண்டராதித்தரின் பெயரால் அமைந்த ஊர். அவருடைய தேவி செம்பியன் மாதேவி, மழவரையர் மகள். அதாவது இந்த மண்ணின் பெண். 957ஆம் ஆண்டு வாக்கில் கண்டராதித்தர் மறைந்தபோது மகன் உத்தம சோழன் சிறுபிள்ளை. அரச குலத்துப் பெண்கள் கணவனோடு தீப்பாய்வது அந்த வம்சத்தில் கேள்விப்படாத செய்தி அல்ல. இராசராசனின் தாய் வானவன் மாதேவி, பால்குடி மறவாத குழந்தையை விட்டுத் தீப்பாய்ந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. இராசேந்திரனின் தேவி வீரமாதேவியும் 1044இல் பிரம்மதேசத்தில் கணவரோடு போனார். செம்பியன் மாதேவி போகவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆறு மன்னர்களின் காலத்தைப் பார்த்தவர் என்று சொல்லும் அளவுக்கு நீண்ட வாழ்வு அது.

அந்த ஆண்டுகளில் அவர் செய்ததைச் சொல்லி முடியாது. கோனேரிராசபுரம், ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் என்று செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுத்துக் கட்டினார். கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வணங்கும் உருவத்தைச் சுவரில் வடித்து, அது யார் என்று கல்லில் எழுதியும் வைத்தார். ஆடவல்லானின் உருவம் கோயில் சுவரின் மாடத்தில் இடம்பெறும் வழக்கம் அவர் கட்டிய கோயில்களில்தான் நிலைபெற்றது. சோழச் செப்புத் திருமேனிகளின் பொற்காலத்துக்கு அவரே வித்திட்டவர். கண்டராதித்தத்துப் பெரிய ஏரி இன்றும் செம்பியன் மாதேவிப் பேரேரி என்றே அழைக்கப்படுகிறது. அவர் கொடுத்த பொன், நிலம், விளக்கு, பாத்திரம் ஆகியவற்றைக் கல்வெட்டுகள் வரி வரியாகக் கணக்கெழுதுகின்றன. அவர் கைம்பெண் என்பதால் எந்தக் கோயில் வாசலும் அவருக்கு அடைக்கப்படவில்லை. விக்டோரியாவும் நாற்பது ஆண்டு, செம்பியன் மாதேவியும் நாற்பது ஆண்டு. முன்னவர் துக்கத்தை உடலில் அணிந்தார். பின்னவர் அதைக் கல்லாக்கி ஊருக்குக் கொடுத்தார். ஓர் அரசிக்குக் கிடைத்த இந்த இடம் குடியானவப் பெண்ணுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

மறுபடி விக்டோரியா காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்கு மருந்து தேடப்போய், நிலக்கரித் தாரிலிருந்து இளம் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். துக்கத்தின் கடைசி ஆறு மாதத்தில் இருந்த பெண்கள் அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதே 1856இல், ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் இந்து விதவை மறுமணச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. அங்கே கைம்பெண்ணுக்குப் புது நிறம் வந்த ஆண்டில் இங்கே அவளுக்குப் புது உரிமை வந்தது. ஆனால் மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தில் அவளுக்குள்ள பாத்தியதை போய்விடும் என்று சட்டமே சொன்னதால், உரிமை பெரும்பாலும் ஏட்டில் நின்றது. அ. மாதவையா 1903இல் முத்துமீனாக்ஷி நாவலை எழுதிக் கைம்பெண் வாழ்வு பற்றிய மௌனத்தை உடைத்தார். பன்னிரண்டு வயதுக்குள் கைம்பெண்ணான ஆர்.எஸ். சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். 1912இல் சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கி, கடற்கரை ஐஸ் ஹவுஸில் அதை நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக ஊர் ஊராக அனுப்பினார். பெரியார் தம் தங்கை மகளுக்கு, குழந்தைக் கைம்பெண்ணுக்கு, வீட்டாரின் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் கைம்பெண் மறுமணமும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழக அரசு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் மறுமண உதவித் திட்டத்தை நடத்துகிறது.

கறுப்பு தமிழ்நாட்டில் வீட்டுத் துக்கத்துக்கு வரவில்லை, தெருவுக்கு வந்தது. 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படை அமைத்தபோது, இழிவில் கிடக்கும் மக்களின் துக்கக் குறியாகவே அதைச் சொன்னார். அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னச்சாமி 1964 ஜனவரியில் திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்து, மொழிக்காக உயிர்விட்டார். அதற்கடுத்த ஆண்டு ஜனவரி 26ஐ இந்தி எதிர்ப்பாளர்கள் துக்க நாளாக அறிவித்துக் கறுப்புக்கொடி ஏற்றினார்கள். ஒரு நிறத்தை ஒரு மக்கள் கூட்டம் தானே தேர்ந்து உடுத்தும்போது அதற்கு வலிமை வருகிறது. ஒருத்தியின்மேல் மற்றவர்கள் போர்த்தும்போது அது தண்டனை.

இன்று நிலைமை மாறவில்லை என்று சொல்ல முடியாது. வெங்காயம் ஆயவும் பருத்தி எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகும் இளம் கைம்பெண்கள் கலர்ச்சேலையே உடுத்துகிறார்கள். பலர் சிறிய பொட்டு வைத்துக்கொள்கிறார்கள், குழந்தைக்காக என்று சொல்லிச் சங்கிலி போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளைச்சேலை பாட்டிகளோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் வளையல் உடைக்கும் விடியற்காலை போகவில்லை. மணையில் இடமில்லாத தாய் போகவில்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கைம்பெண் கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, இத்தகைய தடையை நாகரிகச் சமூகம் ஏற்க முடியாது என்று கண்டிக்க வேண்டியிருந்தது.

மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற ஊர் இருக்கிறது. 2022 மே மாதம் அந்த ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டது. கணவன் இறந்தால் மனைவியின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியையும் மெட்டியையும் கழற்றுவது எல்லாம் இனி எங்கள் ஊரில் இல்லை என்பதே அதன் சாரம். இரண்டு வாரத்துக்குள் மாநில அரசே, மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. பெரிய தலைவர் யாரும் வரவில்லை, போராட்டம் நடக்கவில்லை. ஊர் கூடி எழுதிக் கையெழுத்துப் போட்டது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, வேலை அட்டை பற்றிப் பேசி முடித்ததும் இந்த ஒரு தீர்மானத்தையும் எடுத்துக்கொள்ளலாம். முன்மொழிய வேண்டியவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வழிமொழிய வேண்டியவர்கள், தங்கைக்குக் கோடிச்சேலை எடுத்துக்கொண்டு போகும் அண்ணன்கள். கோடிக்குப் பதிலாக அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலை வாங்கிப்போக, கருமாதி நடத்தும் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேச, அண்ணன்மாரைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பேச வேண்டியது துக்கம் நடந்த வீட்டில் அல்ல. அங்கே அழுகைக்கு நடுவே யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எல்லாரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஊர் கூடியிருக்கும்போது பேச வேண்டும். அடுத்த கிராம சபைக்கு இந்த அவையில் இருப்பவர்கள் போகும்போது தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.